இலை சுருங்குகிறதா, மொட்டு உதிர்கிறதா? வேலூர் வீடுகளில் தொட்டி ஆர்க்கிட்டின் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

ஆர்க்கிட் வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை வேலூரை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. வாரம் ஒருமுறை தண்ணீர் விடுங்கள், வெளிச்சமான சன்னலில் வையுங்கள் என்று அவை சொல்வதெல்லாம் குளிர்நாட்டு வரவேற்பறைக்கு. அதை மே மாதத்துச் சத்துவாச்சாரியில் அப்படியே கடைப்பிடித்தால் இரண்டாவது வாரத்தில் தண்ணீர் விடச் செடி இருக்காது. நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று நம் ஊரைக் கிண்டல் செய்கிறவர்கள் ஆர்க்கிட்டின் இரண்டு பெரிய தொல்லைகளையும் அதிலேயே சொல்லிவிடுகிறார்கள். பாலாறு வறண்டு கிடப்பதால் பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் கதி. அதில் உப்பு அதிகம். சுற்றியுள்ள பாறைக் குன்றுகளும் கான்கிரீட் சுவர்களும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கக்குவதால் விடியும்வரை புழுக்கம் தணிவதில்லை. மூன்றாவது தொல்லை நம்முடைய பாசம். வாடினாலும் தண்ணீர், வாடாவிட்டாலும் தண்ணீர்.

கீழே அறிகுறி வாரியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் செடியில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

முதலில், செடி எது? வேர் எப்படி இருக்கிறது?

கணுக்கணுவாக நிமிர்ந்த தண்டும் இருபுறமும் இலையும் இருந்தால் அது டென்ட்ரோபியம். தண்டே தெரியாமல் நாலைந்து அகன்ற தடித்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தால் பெலனாப்சிஸ். மரக்கூடையில் தொங்கிக்கொண்டு முழநீள வேர்களைக் காற்றில் விட்டிருந்தால் வாண்டா. காட்பாடி, வேலூர், ராணிப்பேட்டை நர்சரிகளில் கைக்குக் கிடைப்பவை அநேகமாக இவைதான். டென்ட்ரோபியமும் வாண்டாவும் நம் வெப்பத்தைத் தாங்கும். பெலனாப்சிஸ் நிழலும் கொஞ்சம் குளிர்ச்சியும் கேட்கும். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்வதில்தான் பாதிச் செடிகள் போகின்றன.

அடுத்தது வேர். ஆர்க்கிட்டின் நோய் இலையில் தெரியும். காரணம் பெரும்பாலும் வேரில் இருக்கும். தொட்டியின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்து, பக்கத்தில் லேசாகத் தட்டினால், ஆர்க்கிட்டுக்கு மண்ணுக்குப் பதிலாகப் போடும் கரித்துண்டுகள் தளரும். நாலு துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தெரிகிற வேரைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். காய்ந்த நிலையில் வெள்ளி நிறமாக, அழுத்தினால் உறுதியாக இருந்தால் உயிருள்ள வேர். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் பச்சையாகும். வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற உறை நீரை உறிஞ்சும்போது உள்ளேயிருக்கும் பச்சை வெளியே தெரிகிறது.

பழுப்பாக, கொழகொழவென்று நசுங்கி, இழுத்தால் மேலுறை கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகிய வேர். வெளுத்துச் சூம்பியிருந்தாலும் கொழகொழப்பு இல்லை என்றால் அது தாகம். வேர் முழுக்க நன்றாக இருந்து நுனி மட்டும் கறுத்துக் காய்ந்திருந்தால் உப்பு, அல்லது அளவு மீறிய உரம். இந்த வேறுபாடுகள் விரலுக்குப் பழகிவிட்டால் கீழே சொல்லப்போவதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

இலை சுருங்கித் தொய்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகமாகத் தவறு நடக்கும் இடமும் இதுவே. இலை சுருங்கியதும் தண்ணீர் போதவில்லை என்று முடிவு கட்டுகிறோம். இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பது உண்மை. தொட்டியில் தண்ணீர் இல்லாததாலா, உறிஞ்ச வேர் இல்லாததாலா என்பதை மேலே சொன்ன சோதனைதான் சொல்லும்.

வேர் உறுதியாக, வெளுத்துக் காய்ந்திருந்தால் தாகம்தான். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் கழுத்தளவு பதினைந்து இருபது நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். எடுத்து நன்றாக வடியவிடுங்கள். மேலாக ஒரு குவளை ஊற்றுவது இதற்கு ஈடாகாது. கரியின் இடுக்கு வழியே அது அப்படியே கீழே ஓடிவிடும். பிறகு தண்ணீர் விடும் முறையைத் திருத்திக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் நாட்களில் கரியில் வளரும் டென்ட்ரோபியத்துக்குத் தினமும் காலையில் தண்ணீர் வேண்டும். கூடையில் தொங்கும் வாண்டாவுக்குக் காலை, பிற்பகல் என இரு வேளையும் வேர் பச்சையாகும்வரை நனைக்க வேண்டும். பெலனாப்சிஸுக்கு நாள்கணக்கு வேண்டாம். வேர் வெள்ளி நிறத்துக்குத் திரும்பிய மறுநாள் விட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கணக்கெல்லாம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

வேர் அழுகியிருந்தால் தண்ணீரை நிறுத்துவது மட்டும் போதாது. செடியை முழுவதுமாக வெளியே எடுங்கள். அடுப்புத் தீயில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால் நசுங்கும் வேர்களை எல்லாம் வெட்டுங்கள். இரக்கப்பட்டு விட்டுவைக்கும் ஒரு அழுகல் மற்ற வேர்களுக்கும் பரவும். பழைய கரி, தேங்காய் மட்டை எதையும் மறுபடி பயன்படுத்த வேண்டாம். பக்கத்திலும் துளை போட்ட மண் தொட்டியில் புதிய கரியில் நடுங்கள். கரிக்கு அலைய வேண்டியதில்லை. இஸ்திரிக் கடைக்காரர்கள் வாங்கும் அதே மரக்கரிதான். விரல் கணு அளவுத் துண்டுகளாக உடைத்து, தூள் போகக் கழுவி, ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள். ஊறாத கரி செடிக்கு விடும் தண்ணீரைத் தானே குடித்துவிடும். செடி ஆடினால் புது வேர் நுனி உரசி முறியும். குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

வேரே மிஞ்சவில்லை என்றால், ஈரமான ஸ்பேக்னம் பாசி (செடி நடப் பயன்படும் பஞ்சு போன்ற பாசி) போட்ட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் செடியை வைத்து வாயைக் கட்டி நிழலில் வைக்கும் வழி ஒன்று உண்டு. மார்கழி, தையில் அது பலிக்கும். மே மாதத்தில் அந்தப் பை இட்லிப் பானையாகிவிடும், கவனம். கோடையில் ஈர மணல் பரப்பிய அகலத் தட்டின் மேல் கல் வைத்து, அதன்மேல் தொட்டியை வைத்து, வீட்டுக்குள் வெளிச்சமான மூலையில் காப்பாற்றப் பாருங்கள்.

கடையிலிருந்து பூவோடு வாங்கி வந்த பெலனாப்சிஸ் ஒரு மாதத்தில் தொய்ந்தால் காரணம் பெரும்பாலும் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அலங்காரத் தொட்டிக்குள் துளையில்லாத பிளாஸ்டிக் கோப்பை, அதற்குள் இறுக்கித் திணித்த பாசி. மேலே காய்ந்திருக்கும் பாசி நடுவில் சொதசொதவென்று இருக்கும். பூ முடிந்ததும், அல்லது வேர் மோசமாக இருந்தால் பூ இருக்கும்போதே, பாசியைக் களைந்து கரிக்கு மாற்றுங்கள். பூவை இழக்க மனம் வராவிட்டால் தண்டோடு வெட்டிக் குவளை நீரில் வையுங்கள். சில வாரம் அழகாக இருக்கும்.

பெலனாப்சிஸின் இலை ஒருமுறை நன்றாகச் சுருங்கிவிட்டால் முழுவதுமாகப் பழையபடி நிமிராது. செடி தேறுகிறதா என்பதற்குப் புதிதாக எட்டிப் பார்க்கும் பச்சை வேர் நுனியே சாட்சி. சுருங்கிய இலையைத் தினமும் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றுவதற்குப் பெயர்தான் பாசம்.

கரியில் வெள்ளைப் படிவு, வேர் நுனி கறுப்பு, இலை நுனி கருகல்

இம்மூன்றும் சேர்ந்து வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். தண்ணீர்தான். வெளியூர்க் குறிப்புகளில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்தக் கோளாறு, வடஆற்காட்டில் முதல் இடத்துக்குப் போட்டி போடுகிறது. கடினப் பாறைக்குள் கிடக்கும் நிலத்தடி நீரில் இயல்பாகவே கரைந்த உப்பு உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையில் சேர்த்த உப்பு தனி. அந்தக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளில் ஒன்று. செம்பருத்தியும் போகன்வில்லாவும் இந்தத் தண்ணீரை ஏதோ சமாளிக்கும். மரக்கிளையில் தொற்றி மழையை மட்டுமே குடித்து வளர்ந்த ஆர்க்கிட்டின் வேர் சமாளிக்காது.

கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆர்க்கிட்டுக்கு வாங்கும் உரத்தைவிட அது முக்கியம் என்பது என் கருத்து. 200க்குள் காட்டினால் கவலையில்லை. 300, 400 என்றால் மாதமொருமுறை அலசிவிட்டுச் சமாளிக்கலாம். 500ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை ஆர்க்கிட்டுக்கு விடாதீர்கள். உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

மாற்றுத் தண்ணீருக்கு வழி உண்டு. மழைநீர் முதல் தரம். முதல் மழையில் மாடித் தூசியைக் கழுவ விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். ஆறு தொட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று வைத்தால் 200 லிட்டர் டிரம் இரண்டு மாதம் வரும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் நீரிலும் உப்பு மிகக் குறைவு. வாளி வைத்துப் பிடித்தால் கோடையில் கைகொடுக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் பகுதியில் இருப்பவர்கள் அதைப் பிடித்து ஒருநாள் திறந்து வைத்து விடலாம்.

ஆர்.ஓ. இயந்திரம் உள்ளவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வடிகட்டிய பிறகு வரும் குடிநீர் ஆர்க்கிட்டுக்கு நல்லது. வேறு குழாய் வழியாக வெளியே போகும் கழிவுநீரில், இயந்திரத்துக்குள் போன தண்ணீரைவிடவும் உப்பு கூடுதல். வீணாகப் போகிறதே என்று அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றும் வீடுகள் எத்தனையோ. சிக்கனம் நல்ல பழக்கம்தான். அந்தத் தண்ணீர் வீடு துடைக்க இருக்கட்டும்.

ஏற்கனவே படிந்துவிட்ட உப்புக்கு: உப்புக் குறைந்த தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு, மெதுவாக, அடித்துளை வழியே ஓடும்படி ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை. முதல் முறை உப்பைக் கரைக்கும், இரண்டாவது வெளியேற்றும். கரியிலும் தொட்டியிலும் சுண்ணாம்பாக இறுகிவிட்ட வெள்ளைப் படிவு இதில் போகாது. கரியையே மாற்ற வேண்டும். கரி உப்பைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும் பண்புடையது. ஆகவே நம் ஊரில் மூன்று ஆண்டு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றரை, இரண்டு ஆண்டில் மாற்றிவிடுவது உத்தமம்.

உரமும் உப்புதான். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் போடாதீர்கள். அரைக் கிராம் போட்டு வாரமொருமுறை தெளிப்பது இன்னும் நல்லது. காய்ந்த வேரில் உரநீர் படக்கூடாது. முதலில் வெறும் தண்ணீர், அரை மணி நேரம் கழித்து உரம்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள ஒரு பழைய இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயது. டென்ட்ரோபியத்தின் பழைய தண்டு முழுக்க இலையை உதிர்த்து மொட்டையாக நிற்பதும் இயல்புதான். அந்தத் தண்டைச் செத்தது என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள்; அதில் செடியின் சேமிப்பு இருக்கிறது, அடுத்த ஆண்டு அதிலிருந்தே பூந்தண்டு வரக்கூடும். பழுத்துச் சுருங்கி வைக்கோலானால் மட்டும் எடுங்கள்.

ஒரே சமயத்தில் பல இலைகள் மஞ்சளானால் வேரைப் பாருங்கள். நடுக் குருத்து மஞ்சளாகிக் கையோடு வந்துவிட்டால் அது குருத்தழுகல். அடுத்த பகுதி அதற்குப் பொருந்தும். இலை முழுவதும் வெளிறி, ஓரம் சிவந்திருந்தால் வெயில் கூடுதல்.

இலையில் கறுப்பு அல்லது பழுப்புத் திட்டு

வெயில் சுட்டதா, நோயா என்பதே முதல் கேள்வி. வெயில் சுட்ட திட்டு, சூரியன் விழும் பக்கத்தில் மட்டும் இருக்கும். முதலில் வெளுத்து, பிறகு காகிதமாகக் காய்ந்து, அதே அளவில் நின்றுவிடும். நோய்த் திட்டு வளரும். சந்தேகமிருந்தால் பேனாவால் திட்டின் எல்லையைக் குறித்துவிட்டு மறுநாள் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் நோய்.

வெயிலென்றால் வைத்தியம் எளிது: இடம் மாற்றம். மேற்குப் பார்த்த பால்கனி ஆர்க்கிட்டுக்கு ஆகாது. பிற்பகல் மூன்று மணிக்கு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். சூரியன் மறைந்த பிறகும் அந்தச் சுவர் செடியைச் சுட்டுக்கொண்டிருக்கும், ஆகவே சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல் வலை. கத்திரி வெயிலில் 75 சதவீதம். பெலனாப்சிஸுக்குக் கிழக்குச் சன்னலின் காலை வெளிச்சம் மட்டும். நண்பகலில் செடிக்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். இலைமேல் விழும் நிழலின் விளிம்பு கூர்மையாக இருந்தால் வெளிச்சம் கூடுதல். மங்கலாகத் தெரிந்தால் சரி. நிழலே விழாவிட்டால் குறைவு. சுட்ட இலையை வெட்ட வேண்டியதில்லை. மீதிப் பச்சை வேலை செய்யும்.

நோயென்றால் காலம் தாழ்த்தக்கூடாது. நீர் கோத்ததுபோல் பளபளத்து, தொட்டால் மெத்தென்று, நாற்றமும் அடித்தால் பாக்டீரியா அழுகல். தொடர்மழையும் புழுக்கமும் சேரும் ஐப்பசியில் இது ஒரே இரவில் இலையை முடித்துவிடும். சுட்டு ஆறவைத்த பிளேடால், திட்டுக்கு வெளியே நல்ல பச்சையில் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை மறுபடி தீயில் காட்டுங்கள். வெட்டுவாயில் பட்டைத் தூளை அப்புங்கள். சமையலறையில் இருக்கும் அதே லவங்கப்பட்டைதான். அதை வேரில் மட்டும் தூவாதீர்கள், வேரை உலர்த்திக் கொன்றுவிடும். மீண்டும் வந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளிக்கலாம். பூ, இளந்தளிர் இருக்கும் டென்ட்ரோபியத்தில் செம்பு மருந்து கருகலை உண்டாக்கும், அப்போது தவிர்க்கவும்.

இலையின் அடியிலிருந்தோ தண்டின் அடியிலிருந்தோ கறுப்பு மேலேறி வந்து, இலைகள் பச்சையாகவே கழன்று விழுந்தால் அது கருப்பழுகல். மருந்துக் கடையில் அழுகல் என்று சொன்னாலே கார்பென்டசிம் எடுத்துக் கொடுப்பார்கள். கருப்பழுகலை உண்டாக்கும் பைட்டோப்தோராவுக்கும் பித்தியத்துக்கும் அது வேலை செய்யாது. மெட்டலாக்சிலும் மேங்கோசெப்பும் கலந்த மருந்தைக் கேட்டு வாங்கி, லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு தெளியுங்கள். நோய்ப்பட்ட செடியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

பெலனாப்சிஸின் குருத்தில் தண்ணீர் தங்குவதுதான் குருத்தழுகலின் ஆரம்பம். மாலையில் தெளிக்கும் பழக்கத்தை விடுங்கள். காலையில் விட்டாலும் நடுவில் தேங்கியதைத் துணி நுனியால் ஒற்றி எடுங்கள். செடியைச் சற்றுச் சாய்த்து நட்டால் தேங்காது. காட்டில் அது மரத்தில் சாய்ந்துதான் தொங்குகிறது.

மொட்டு விரியாமல் மஞ்சளாகி உதிர்கிறது

பூந்தண்டு வந்து, மொட்டும் பருத்து, நாளை விரியும் என்று இருக்கும்போது உதிர்ந்தால் வயிற்றெரிச்சல்தான். செடிக்கு நோய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். கடந்த வாரம் என்ன மாறியது என்று உங்களையே கேளுங்கள்.

விருந்தாளிக்குக் காட்ட மாடியிலிருந்து வரவேற்பறைக்குக் கொண்டுவந்தீர்களா? மொட்டு விட்ட செடியை இடம் மாற்றக்கூடாது. ஏ.சி. காற்று நேராக அடிக்கிறதா? அனல் காற்றில் ஒரு பிற்பகல் காய்ந்துவிட்டதா? பக்கத்தில் மாம்பழக் கூடையோ வாழைத்தாரோ பழுத்துக்கொண்டிருக்கிறதா? பழுக்கும் பழம் வெளியிடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும். எரியும் புகையிலும் கொஞ்சம் எத்திலீன் உண்டு. ஆகவே பூசையறைச் சாம்பிராணிக்கும் மொட்டு விட்ட ஆர்க்கிட்டுக்கும் இடையில் ஒரு சுவராவது இருக்கட்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் உதிர்ந்த மொட்டைப் பிரித்து வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். கோடு போட்டாற்போல் மெல்லிய பூச்சி ஓடினால் இலைப்பேன்.

கோடையில் காற்றின் ஈரப்பதம் பிற்பகலில் மிகவும் கீழே போய்விடும். இலையில் அடிக்கடி தண்ணீர் தெளிப்பதால் கிடைக்கும் ஈரம் சில நிமிடம்தான். செடிகளை நெருக்கமாகக் கூட்டி வைத்து, கீழே ஈரச் சாக்கு விரித்து நனைத்துக்கொண்டிருந்தால் பலன் நீடிக்கும்.

இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

டென்ட்ரோபியத்தில் கரும்பச்சை இலை என்றால் வெளிச்சம் போதவில்லை. பார்க்க அழகாக இருக்கும், பூக்காது. இலை சற்றே வெளிர்பச்சையாகும் அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஒரே நாளில் அல்ல, இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. தழைச்சத்து அதிகமுள்ள உரத்தையும் நிறுத்துங்கள்.

பெலனாப்சிஸ் கதை வேறு. பூந்தண்டு விட அதற்குச் சில வாரங்களாவது 25 டிகிரிக்குக் கீழான குளிர்ச்சி தேவை. ஓயாமல் 28, 29 டிகிரிக்கு மேல் இருந்தால் இலையாக விட்டுக்கொண்டே இருக்கும். வேலூரில் அதற்கான வாய்ப்பு கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடியும்வரைதான். அந்த நாட்களில் வீட்டுக்குள் பொத்தி வைக்காமல், மழையும் நேர்வெயிலும் படாத வெளித் தாழ்வாரத்தில் இரவு முழுக்க வையுங்கள். பகலில் ஏ.சி. ஓடும் அறை இருந்தால், காற்று நேராகப் படாத மூலையில் அங்கே வைப்பதும் உதவும். அப்படியும் வராவிட்டால் அடுத்த மார்கழிதான்.

ஊட்டிக்குப் போனபோது ஆசையாக வாங்கி வந்த சிம்பிடியம் பூக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் கசப்பாக இருக்கும். அதற்கு மலையின் குளிர் இரவு வேண்டும். நம் சமவெளியில் அது புல்லாகத்தான் இருக்கும். ஏற்காட்டிலோ கோத்தகிரியிலோ உறவினர் இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஏற்காட்டில்தான் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்காவும் இருக்கிறது. அடுத்த முறை மலையேறும்போது சிம்பிடியத்தை அங்கே பார்த்துவிட்டு, வீட்டுக்கு டென்ட்ரோபியம் வாங்குங்கள்.

வெயிலைத் தாங்கும் ஆர்க்கிட் நம் பக்கத்துக் காட்டிலேயே உண்டு. வாண்டா டெசல்லேட்டா என்ற இனம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட காட்டு மரங்களில் தொற்றி வளர்கிறது. அதைப் பிய்த்துக்கொண்டு வராதீர்கள். காட்டிலிருந்து பிடுங்கிய செடி வீட்டில் பிழைப்பது அரிது. நர்சரியில் வளர்த்த கலப்பின வாண்டாக்கள் கிடைக்கின்றன.

வெள்ளைப் பஞ்சு, பழுப்பு முண்டு, வெள்ளிப் புள்ளி, கடித்த வேர்

இலை அடியில் வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. நகத்தால் சுரண்டினால் பெயரும் பழுப்பு முண்டு செதில் பூச்சி. இரண்டுக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பதே முதல் வைத்தியம். இலைக் கக்கத்திலும் தண்டை மூடிய காய்ந்த உறைக்கு அடியிலும் ஒளிந்திருக்கும், உறையை உரித்துப் பாருங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வாரமொருமுறையாக மூன்று வாரம், வெயில் இறங்கிய பின் காற்றோட்டமான இடத்தில் தெளியுங்கள். எண்ணெய் பட்ட இலையில் வெயில் பட்டால் கருகும். எறும்பு ஏறும் வழியையும் அடையுங்கள். எறும்பு இருக்கும்வரை மாவுப்பூச்சி திரும்ப வரும்.

கோடையில் இலையின் அடிப்பக்கம் வெள்ளிப் பொடி தூவியதுபோல் மங்கினால் செம்பேன். ஈரத் துணியால் இரு பக்கமும் துடைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சினாலே பெருமளவு குறையும். கந்தகம் தெளிக்கச் சொல்வார்கள். நம் கோடை வெப்பத்தில் அது இலையைச் சுட்டுவிடும்.

மழைக்காலத்தில் பச்சை வேர் நுனியும் மொட்டும் இரவில் காணாமல் போனால் நத்தை. டார்ச்சுடன் போய்ப் பொறுக்கி எடுங்கள், மருந்து வேண்டாம்.

கோளாறே இல்லாதவை

தொட்டிக்கு வெளியே வேர் நீள்வது இயல்பு. உள்ளே திணிக்கவோ வெட்டவோ வேண்டாம். பூந்தண்டில் தேன் போன்ற சொட்டு துளிர்த்து, பூச்சி எதுவும் இல்லையென்றால் அது செடியின் தேன்சுரப்பு. டென்ட்ரோபியத் தண்டின் மேல் கணுவில் இலையும் வேருமாகச் சிறு கன்று முளைத்தால் பயப்படாதீர்கள். அதன் வேர் இரண்டங்குலம் வளர்ந்ததும் பிரித்துத் தனித் தொட்டியில் வைக்கலாம். ஆனால் பூவுக்குப் பதில் கன்றாகவே வந்துகொண்டிருந்தால் அடிவேர் நலமில்லை என்று பொருள். தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள்.

எப்போது கைவிடுவது

இலையில் வெளிர், அடர் பச்சைக் கோடுகள் தாறுமாறாக ஓடி, பிறகு அவையே குழிந்து கறுத்தாலோ, ஒரே நிறப் பூவில் திட்டுத் திட்டாக நிறம் உடைந்தாலோ வைரஸ் என்று சந்தேகியுங்கள். சிம்பிடியம் மொசைக் வைரஸ் பெயருக்கு மாறாக டென்ட்ரோபியத்தையும் பெலனாப்சிஸையும் தாராளமாகத் தாக்கும். இதற்கு மருந்து கிடையாது. செடி உடனே சாகாது, பூத்துக்கொண்டும் இருக்கும். அதனால்தான் பலர் வைத்துக்கொண்டு, அதே கத்தரிக்கோலால் அடுத்த செடியையும் வெட்டி வீடு முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள். தூர எறிவதே நல்லது; உரக்குழியில் போட வேண்டாம். அதன் கரியையும் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைப்பது வைரஸுக்குப் போதாது. முனை சிவக்கும்வரை தீயில் காட்டுங்கள், அல்லது செடிக்கொரு புது பிளேடு பயன்படுத்துங்கள்.